சுருட்டுப் பெட்டியும் மூன்று தந்திகளும்

இசைக்கருவிகளின் வரலாறு என்று நாம் வாசிப்பவை பெரும்பாலும் அரண்மனைகளையும் ஆலயங்களையும் பெரும் பட்டறைகளையும் சுற்றியே எழுதப்பட்டவை. இத்தாலியின் கிரெமோனா நகரில் ஸ்ட்ராடிவாரி செய்த கருவிகளில் அறுநூறுக்கும் மேற்பட்டவை இன்னும் உள்ளன. அவற்றிற் பலவற்றுக்குத் தனிப் பெயர் உண்டு; யார் கையிலிருந்து யார் கைக்கு மாறின என்ற பதிவும் உண்டு. ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக வெறும் சுருட்டுப் பெட்டியில் தடியைச் செருகி, தந்தி பூட்டி வாசித்தவர்களின் கருவிகளோ, அவற்றைச் செய்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எஞ்சவில்லை. கருவி உடைந்தால் அடுப்புக்குப் போயிற்று. கையிற் காசு வந்தால் கடைக் கிட்டார் வந்தது; பெட்டி மூலைக்குப் போயிற்று.

இந்தக் கருவியின் கதை வெறும் பொழுதுபோக்கின் கதையன்று. ஒரு வரிச் சட்டம், ஒரு போர், ஓர் அடிமை வணிகம் ஆகிய மூன்றும் கூடிப் பிறப்பித்த கருவி இது. அதனை அந்த வரிசையிலேயே பார்ப்பது பொருத்தமானது.

சட்டம் செய்த பெட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுருட்டுகள் பெரிய மரப்பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் மொத்தமாக ஏற்றி அனுப்பப்பட்டன. கடைக்காரர் அவற்றிலிருந்து எண்ணி எடுத்து விற்றார். 1840களுக்குப் பின்னரே இருபது, ஐம்பது எனச் சிறு எண்ணிக்கையில் அடைக்கும் சிறு பெட்டிகள் பரவின.

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. போருக்குப் பணம் தேடிய வடபுல அரசு 1862 இல் பல பொருட்களின் மீது வரி விதித்தது. சுருட்டும் அவற்றில் ஒன்று. கட்டுக்கட்டாகவும் உதிரியாகவும் விற்கப்படும் பொருளுக்கு வரி வசூலிப்பது எளிதல்ல. எனவே அடுத்தடுத்து வந்த சட்டங்கள் சுருட்டைக் குறித்த அளவுப் பெட்டிகளில் அடைக்க வேண்டும் என்றன. 1868 ஆம் ஆண்டுச் சட்டம் பெட்டியில் வரி முத்திரை ஒட்டுவதைக் கட்டாயமாக்கியது. அத்தோடு ஓர் எச்சரிக்கை வாசகமும் பெட்டியிற் காணப்படல் வேண்டும். இந்தப் பெட்டியை மீண்டும் சுருட்டு அடைக்கப் பயன்படுத்தினால் தண்டனை உண்டு என்பது அதன் சாரம். பழைய முத்திரையைக் காட்டிப் புதிய சுருட்டை வரியின்றி விற்கும் தந்திரத்தைத் தடுப்பதே நோக்கம்.

வரி அதிகாரி நினைத்திராத ஒன்று இதனால் நடந்தது. நல்ல மரத்திற் செய்த, மூலைகள் நேராகப் பொருந்திய, மூடியோடு கூடிய பெட்டிகள், ஒருமுறை வெறுமையானதும் சட்டப்படியே வணிகத்துக்குப் பயனற்றவையாகி நாடெங்கும் குவிந்தன. தையற்காரி ஊசி நூல் வைத்தாள். சிறுவன் கோலிக் குண்டு வைத்தான். யாரோ ஒருவர் அதைத் தட்டிப் பார்த்தார், அது ஒலித்தது.

ஒலித்ததற்குக் காரணமும் உண்டு. சிறந்த பெட்டிகள் 'ஸ்பானிஷ் சீடார்' எனப்படும் மரத்தாலானவை. பெயர் எப்படியிருந்தாலும் அது ஸ்பெயின் மரமுமன்று, உண்மையான தேவதாருவுமன்று. மத்திய, தென் அமெரிக்காவிலும் கரிபியன் தீவுகளிலும் வளர்வது. எமது வேம்பும் மஹோகனியும் சேர்ந்த அதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மணமும், பூச்சி அண்டாத தன்மையும் சுருட்டுக்கு ஏற்றவை. இலேசான, நன்றாகக் காய்ந்த அம்மரம் இசைக்கும் ஏற்றது. இன்றும் உயர்தர ஸ்பானியக் கிட்டார்களின் கழுத்துப் பகுதி இந்த மரத்திலேயே செய்யப்படுவதுண்டு. ஆக, குப்பையில் விழுந்தது மட்டமான பலகையன்று. கிட்டார்க் கைவினைஞனும் விரும்பும் பலகை.

ஒரு பாசறைக் காட்சி

இக்கருவிக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஓவியச் சான்று போரிலிருந்தே வருகிறது. எட்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் 'ஃபிராங்க் லெஸ்லி' என்ற படப் பத்திரிகைக்காக வடபுலப் படையோடு சென்று களக்காட்சிகளை வரைந்தவர். போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னர், 1876 இல், தம் குறிப்புகளைச் செப்புத் தகட்டுச் செதுக்கோவியங்களாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் பாசறையில் இரு படைவீரர்கள் இருக்கின்றனர். ஒருவர் வாசிப்பது சுருட்டுப் பெட்டியிற் செய்த பிடில். பெட்டியின் மேல் 'ஃபிகாரோ' என்ற வணிகப் பெயர் தெளிவாகத் தெரிகிறது.

ஃபிகாரோ என்ற பெயர் எம் போன்ற வாசிப்புப் பிரியர்களுக்கு வேறொன்றையும் நினைவூட்ட வேண்டும். கியூபாவின் ஹவானா நகரில் 'எல் ஃபிகாரோ' என்ற பெயரிலான சுருட்டுத் தொழிற்சாலையிற்றான் 1865 டிசம்பரில், வேலை நேரத்தில் தொழிலாளருக்கு உரத்து வாசித்துக்காட்டும் வழக்கம் தொடங்கியது. வாசிப்பவருக்கான கூலியைத் தொழிலாளரே சேர்த்துக் கொடுத்தனர். செய்தித்தாள்களும் நாவல்களும் வாசிக்கப்பட்டன. 1935 இல் தோன்றிய 'மொன்டேகிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயர், அலெக்சாந்தர் துமாவின் நாவலை விரும்பிக் கேட்ட தொழிலாளரிடமிருந்து வந்தது. இவ்வழக்கம் புளோரிடாவின் டாம்பா நகருக்கும் சென்றது. 1931 இல் தொழிற்சாலை உரிமையாளர்கள் அதனை நிறுத்தினர். வாசிப்பவர் இருந்த இடத்துக்கு வானொலி வந்தது. பெட்டிக்குள்ளே சுருட்டு வைத்தவர்கள் கதை கேட்டுக்கொண்டே வைத்தார்கள். வெறும் பெட்டியை எடுத்தவர்கள் அதிலிருந்து பாட்டை எடுத்தார்கள். பெயர் ஒற்றுமை தற்செயலாகவே இருக்கட்டும், உழைப்பவரின் கலைத் தாகம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

சுரைக்குடுவையும் சுவர்க் கம்பியும்

பெட்டி அமெரிக்காவுக்குரியது. பெட்டியிலே தடியைச் செருகித் தந்தி பூட்டும் அறிவு அதற்கு முந்தியது. மேற்கு ஆபிரிக்காவின் செனகாம்பியாப் பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் 'அகொன்டிங்' என்ற கருவி, சுரைக்குடுவையில் தோல் போர்த்து, நீண்ட தடியொன்றை ஊடுருவச் செருகி, மூன்று தந்திகள் கட்டியது. அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்ட மக்கள் கையில் கருவி எதையும் கொண்டுவர முடியாவிட்டாலும் செய்முறையை மனத்திற் கொண்டுவந்தனர். கரிபியனிலும் தென் மாநிலங்களிலும் அவர்கள் சுரைக்குடுவையிற் செய்ததே 'பாஞ்சோ'வின் மூதாதை.

தென் கரோலினாவில் 1739 இல் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் முரசு, கொம்பு முதலியவற்றை வைத்திருப்பதைத் தடைசெய்தது. ஒலி ஓர் அழைப்பாகிவிடும் என்ற அச்சமே காரணம். உரத்து ஒலிக்கும் கருவிகள் பறிக்கப்பட்ட இடத்தில் மெல்ல ஒலிக்கும் தந்திகள் எஞ்சின.

இதன் இன்னொரு கிளை மிசிசிப்பி மாநிலத்துச் சிறுவர்களிடம் இருபதாம் நூற்றாண்டிலும் வாழ்ந்தது. விளக்குமாற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும் கம்பியை அவிழ்த்து, வீட்டின் பலகைச் சுவரில் இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டுவர். கம்பிக்கடியில் ஒரு போத்தலைச் செருகினால் அது இறுகும். ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் இன்னொரு போத்தலைக் கம்பியின் மீது வழுக்கினால் சுரம் ஏறியிறங்கும். 'டிட்லி போ' என்பது இதன் பெயர். ஆய்வாளர் டேவிட் எவன்ஸ் 1970 இல் எழுதிய கட்டுரையில் இந்த ஒற்றைத் தந்திக் கருவியின் ஆபிரிக்க வேர்களை ஆராய்ந்தார். இங்கே வீடே பெட்டி; சுவரே ஒலிப்பலகை. சுருட்டுப் பெட்டி கிடைத்தபோது அதே கம்பி கையிலெடுத்துச் செல்லக்கூடிய கருவியாயிற்று.

அங்கிள் ஈனொஸின் பாஞ்சோ

வாய்வழியாகச் சென்ற செய்முறை எப்போது அச்சேறியது? அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் நிறுவுநர்களுள் ஒருவரான டானியல் கார்ட்டர் பியர்ட் 1880களில் சிறுவர்களுக்கான எழுத்தில் இதனைச் சேர்த்தார். 'அங்கிள் ஈனொஸ்' என்ற கற்பனைப் பாத்திரத்தைச் சுற்றிய நத்தார்க் கதையொன்றோடு, சுருட்டுப் பெட்டியில் ஐந்து தந்திப் பாஞ்சோ செய்யும் முறையைப் படிப்படியாக விளக்கினார். பின்னர் அது அவரது சிறுவர் கைவினை நூலிலும் இடம்பெற்றது. நகரத்து நடுத்தர வர்க்கப் பையன்களின் கையில் வாளும் உளியும் வர அந்நூல் காரணமாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதிய கறுப்பின ஆண்களை 'மிஸ்டர்' என்ற மரியாதைச் சொல்லால் அழைக்க விரும்பாத அக்கால வெள்ளையர்கள் வழங்கிய சொல் 'அங்கிள்'. உறவு முறை போலத் தோன்றும். உண்மையில் சமத்துவத்தை மறுக்கும் சொல் அது. செய்முறையை எழுதியவரின் முழுப் பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது. அந்த அறிவைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் ஒரு கற்பனைக் கிழவரின் பாதிப் பெயருக்குள் ஒடுங்கிவிட்டனர். பியர்ட் தீங்கு நினைத்து எழுதினார் என்று சொல்ல வரவில்லை. அச்சு எதைக் காக்கிறது, எதை மறைக்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். நாட்டார் பாடல் தொகுப்புகளில் தொகுத்தவர் பெயர் மட்டும் நிலைப்பதை அறிந்த எமக்கு இது புதிதன்று.

செய்முறை

வீட்டுப் பட்டறையில் இன்றும் இது ஏறத்தாழ ஒரே விதமாகவே செய்யப்படுகிறது. ஓர் அங்குலக் கனமும் ஒன்றரை அங்குல அகலமுமான கடின மரச் சலாகையே கழுத்து. பெட்டியின் இரு பக்கங்களிலும் துளை வெட்டி அச்சலாகையை ஊடுருவச் செருகுகிறார்கள். தந்திகளின் இழுவையைத் தாங்குவது இந்தச் சலாகையே, பெட்டியன்று. அதனாற்றான் மெல்லிய பெட்டி உடையாமல் நிற்கிறது. மூடி அதிர வேண்டும் என்பதால், மூடிக்குக் கீழே வரும் பகுதியில் சலாகையைச் சில மில்லிமீற்றர் செதுக்கிவிடுவர். சலாகை மூடியை முட்டினால் ஒலி செத்துவிடும்.

மேல் முனையில் முறுக்காணிகள். வீணையிற் குதிரை இருக்குமிடத்தில் ஓர் இரும்புத் திருகாணி, தலைப்பக்கத்தில் இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலேயே தந்தி அதிர்கிறது. பெரும்பாலும் மூன்று தந்திகள். முதலாவது ஆதார சட்சம், இரண்டாவது பஞ்சமம், மூன்றாவது மேல் சட்சம் என்று சுருதி சேர்ப்பர். எமது தம்புராவைக் கேட்டவர்களுக்கு இந்தச் சேர்க்கை அந்நியமாக இராது. மூன்றையும் ஒரு விரலாலோ, உடைத்துத் தேய்த்த போத்தல் கழுத்தாலோ ஒன்றாக அழுத்தினாற்கூட இசைவான ஒலி வரும். பாடம் படிக்காதவரும் அன்றைக்கே வாசிக்கலாம் என்பது இக்கருவியின் பெரும் கருணை.

மெட்டுகள் பதிக்க விரும்புவோருக்குக் கணக்கு வேண்டும். தந்தியின் நீளத்தைப் பதினெட்டாற் பிரித்து, வந்த தூரத்தில் முதல் மெட்டு. எஞ்சிய நீளத்தைப் பதினெட்டாற் பிரித்து அடுத்த மெட்டு. இந்த விதியை 1581 இல் வெளியான தமது இசை நூலில் விளக்கியவர் வின்சென்சோ கலிலி. வானியலாளர் கலிலியோவின் தந்தை. இன்றைய கணக்கில் பதினெட்டுக்குப் பதில் 17.817 என்று கொள்கிறார்கள். தந்தியின் நீளம் 635 மில்லிமீற்றர் என்றால் முதல் மெட்டு ஏறத்தாழ 35.6 மில்லிமீற்றரில் வரும். பன்னிரண்டாவது மெட்டு சரியாக நடுவே, 317.5 இல் விழும். அப்படி விழாவிட்டால் வழியில் எங்கோ அளவு தவறிவிட்டது என்று பொருள். மெட்டே இல்லாமற் செய்தவர்களோ காதை நம்பினார்கள். போத்தற் கழுத்துக்குக் கணக்குத் தேவைப்படவில்லை.

பெயர் எஞ்சிய சிலர்

1890களிலிருந்து தபால்வழி விற்பனைப் பட்டியல்கள் மூலம் மலிவான கிட்டார்கள் கிராமங்களுக்கும் வந்தன. ஆனால், குத்தகை நிலத்தில் பருத்தி பறிக்கும் குடும்பத்துக்குச் சில டொலர்களும் பெரிய தொகையே. 1930களின் பொருளாதார வீழ்ச்சி வீட்டிற் செய்யும் கருவிகளுக்கு மீண்டும் தேவையை உண்டாக்கியது. பிற்காலத்திற் புகழடைந்ததனால் மட்டுமே சிலரின் முதற் கருவிபற்றி அறிகிறோம்.

புளூஸ் பாடகர் பிக் பில் புரூன்சி, சிறுவனாகத் தாம் சுருட்டுப் பெட்டியிற் பிடில் செய்து வாசித்ததைக் கூறியுள்ளார். டெக்ஸாஸில் 1912 இல் பிறந்த லைட்னின் ஹொப்கின்ஸ் தமது முதற் கிட்டாரை அவ்வாறே செய்துகொண்டதாகச் சொன்னார். புரூன்சி தம் வாழ்க்கையைச் சொல்லும்போது பிறந்த ஆண்டையே பத்து ஆண்டுகள் முன்தள்ளியவர் என்று பின்னைய ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனவே இத்தகைய நினைவுகளை ஆவணமாக மட்டும் கொள்ளாமல், ஒரு சமூகம் தன்னைப்பற்றிச் சொல்ல விரும்பிய கதையாகவும் கொள்வது நன்று.

சார்லி கிறிஸ்டியன் விடயத்தில் சாட்சி வேறொருவர். அதுவும் ஓர் எழுத்தாளர். 'இன்விசிபிள் மேன்' நாவலைத் தந்த ரால்ஃப் எலிசன், ஒக்லஹோமா நகரில் கிறிஸ்டியன் வளர்ந்த அதே சூழலில் வளர்ந்தவர். சுருட்டுப் பெட்டியிற் செய்த கிட்டாரை வைத்துக்கொண்டு பாடசாலையில் கிறிஸ்டியன் எல்லாரையும் வியக்கவைத்ததை 1958 இல் எழுதிய கட்டுரையிற் பதிந்துள்ளார். அந்தப் பையன் 1939 இல் பென்னி குட்மனின் குழுவிற் சேர்ந்து, மின்கிட்டாரை ஜாஸ் இசையின் தனிக் குரலாக்கினான். 1942 இல், இருபத்தைந்து வயதில், காசநோயால் இறந்தான். வறுமை கருவியையும் தந்தது, உயிரையும் எடுத்தது.

இது கறுப்பின மக்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. டென்னசியில் குத்தகை விவசாயிகளின் வெள்ளையினப் பிள்ளையான கார்ல் பேர்க்கின்ஸுக்கு, தந்தை சுருட்டுப் பெட்டியிலும் விளக்குமாற்றுத் தடியிலும் முதற் கிட்டாரைச் செய்து கொடுத்தார். பேர்க்கின்ஸின் மூன்று பாடல்களை இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1964 இல் இசைத்தட்டில் வெளியிட்டனர். பஞ்சுக்காட்டுப் பெட்டியின் எதிரொலி அப்படித்தான் உலகைச் சுற்றியது.

வேறு கரைகள்

கிடைத்த பெட்டியில் இசை செய்யும் வழக்கம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. ஆபிரிக்காவின் தென்முனையிலுள்ள கேப் பகுதியில் 'ராம்கி' என்ற தந்திக் கருவி இருந்தது. முதலிற் சுரைக்குடுவையிலும், பின்னர் எண்ணெய்த் தகரத்திலும் செய்யப்பட்டது. 1730களில் அங்கு வாழ்ந்த ஜெர்மானியரான ஓட்டோ மென்ட்சல், மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளே இதனை அங்கு அறிமுகம் செய்ததாக எழுதியுள்ளார். ஒல்லாந்தர்கள் மலபாரிலிருந்து மட்டுமன்றி சோழமண்டலக் கரையிலிருந்தும், இலங்கையிலிருந்தும், இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் மக்களை அங்கு அடிமைகளாகக் கொண்டு சென்றனர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களின் வழித்தோன்றல்கள் கேப் நகரத் தெருக்களில் அடிக்கும் 'கூமா' என்ற முரசு, சிறிய வைன் பீப்பாயிற் தோல் போர்த்தது. அங்கும் எசமானின் வெறும் கலமே அடிமையின் இசைக்கருவியாயிற்று.

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் 1945 இல் நடந்த போரின் பின்னர், முகாம்களில் அடைக்கப்பட்ட மக்கள் அமெரிக்கப் படையினர் வீசிய வெறும் தகரப் பேணிகளை எடுத்தனர். முகாம் கட்டிலின் சட்டம் கழுத்தாயிற்று. பரசூட் நூல் தந்தியாயிற்று. பாம்புத்தோல் போர்த்த தங்கள் மரபுக் கருவியான 'சான்ஷின்' இழந்துபோன இடத்தில், 'கன்கரா சான்ஷின்' என்ற இந்தத் தகரக் கருவியை வைத்து இறந்தோரைப் பாடினர். அகதி முகாமைப் பற்றி அறிந்த எந்த வாசகருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இன்று

இருபதாம் நூற்றாண்டின் முதற் பாதியில் சிகரெட் சுருட்டை முந்தியது. மரப் பெட்டியின் இடத்தை அட்டைப் பெட்டி பிடித்தது. தொழிற்சாலைக் கிட்டாரும் மலிந்தது. சுருட்டுப் பெட்டிக் கிட்டார் ஏறக்குறைய மறைந்தது. 1990களின் பின் அமெரிக்காவில் இது பொழுதுபோக்காக மீண்டெழுந்தது. அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் நகரிற் செய்வோரும் வாசிப்போரும் ஆண்டுதோறும் கூடினர். மெக்ஸ் ஷோர்ஸ் இவர்களைப்பற்றி ஆவணப்படம் எடுத்தார். 2012 டிசம்பர் 12 அன்று நியூ யோர்க்கில், சூறாவளியாற் பாதிக்கப்பட்டோருக்காக நடந்த பெரும் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி கையிலேந்தியது சுருட்டுப் பெட்டிக் கிட்டார். பேர்க்கின்ஸின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர் கையில் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது வரலாற்றின் அழகான வளைவு.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இன்று பழைய வெற்றுப் பெட்டிக்கே விலை உண்டு. பாகங்கள் அனைத்தும் ஒன்றாகக் கட்டி விற்கப்படுகின்றன. கைதேர்ந்தவர் செய்தது கடைக் கிட்டாரைவிட விலை கூடியதாகவும் இருக்கலாம். இல்லாமையாற் செய்தது, விருப்பத்தாற் செய்வதாக மாறிவிட்டது. இதைக் குறையென்று மட்டும் சொல்லிவிட முடியாது. தன் கையாற் கருவி செய்பவர் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை அறிகிறார். வாங்கி வாசிப்பவருக்கு அது எளிதிற் கிட்டாத அறிவு. ஆனால், அந்த அறிவைச் செய்முறைத் தாளோடு மட்டும் பெற்று, அதைக் கொண்டுவந்தவர்களை மறந்தால், 'அங்கிள் ஈனொஸ்' என்ற பாதிப் பெயருக்குள் அவர்களை இன்னொரு முறை அடைப்பவர்களாவோம்.

அரசு ஒரு பெட்டியின் மீது, இது இனிப் பயன்படாது என்று எழுதியது. அதை எடுத்தவர்களின் உழைப்பைப்பற்றியும் உயிரைப்பற்றியும் அதே அரசு ஏறத்தாழ அவ்வாறே நினைத்திருந்த காலம் அது. இரண்டு தீர்ப்புகளும் பிழை என்பதை நிரூபிக்க அவர்களுக்கு மூன்று தந்திகள் போதுமாயிருந்தன.